பிறந்தநாள் முடிந்து பிள்ளைகள் கையில் என்ன கொடுத்தனுப்புவது?

பாளையங்கோட்டை

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடியும் படியேறத் தொடங்கிவிட்டாய் என்பதும், மருமகனுக்கு இப்போதைக்கு இடமாற்றம் இல்லை என்பதும் நிம்மதியான செய்திகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மற்ற சங்கதிகள் ஆறப்போட்டால் கெட்டுவிடாது. உன் பேத்தி யாழினியின் பிறந்தநாள் நெருங்கிவிட்டதால் நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன்.

ஒரு பிள்ளைக்கு 150 ரூபாய் வீதம், 25 பிள்ளைகளுக்கும் சென்னைப் பாரிமுனையில் கட்டிவைத்த ரிட்டர்ன் கிஃப்ட் பைகளையே வாங்கிவிடலாம் என்று உன் மகள் சொல்வதாகவும், மாதிரிக்கு வந்த பையைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து உனக்கு மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். ஊதல், சோப்புக் குமிழிக் குழாய், ஜிகினா கலந்த ஸ்லைம், பிளாஸ்டிக் மோதிரம், பழ வடிவ ரப்பர், விளக்கு எரியும் சாவிக்கொத்து என்று நீ தந்திருக்கும் பட்டியலில் மறுநாள் காலை வரை உருப்படியாக இருக்கக்கூடியது ரப்பர் ஒன்றுதான். அதுவும் அழிக்காது, தாளைக் கறையாக்கும். மற்றவற்றைக் குப்பையாகவே விலை கொடுத்து வாங்குகிறோம். பல வகைப் பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒட்டிக் கலந்திருக்கும் இத்தனை சிறிய சாமான்களைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்.

சாவிக்கொத்து விளக்கைப் பற்றி மட்டும் சற்று அழுத்தியே சொல்கிறேன். அதற்குள் இருப்பது சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரி. மூடி திருகாணி இல்லாமல் நகத்தால் திறக்கும்படி இருந்தால் வீட்டிலுள்ள கைக்குழந்தை அதை விழுங்கிவிட வாய்ப்புண்டு. உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும் பொருள் அது. இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தப் பையிலிருக்கும் பொம்மைகளில் எதிலாவது அந்த முத்திரை இருக்கிறதா என்று உன் மகளைப் பார்க்கச் சொல். குப்பை, சுற்றுச்சூழல் என்று நீ பேசினால் அவள் சிரித்துவிடக்கூடும். இதற்குச் சிரிக்க மாட்டாள்.

நம் வீட்டு விசேஷங்களில் கொடுத்தனுப்பிய தாம்பூலப் பையை நினைத்துப் பார்த்தால் எனக்கு வழி தெளிவாகத் தெரிகிறது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், தேங்காய் என்று அதில் வைத்த ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்குள் வாய்க்கோ அடுப்புக்கோ போய்ச் சேர்ந்துவிடும். மிஞ்சுவது மஞ்சள் பை மட்டுமே. அதுவும் காய்கறிக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வந்து, கடைசியில் கரித்துணியாகித் தேயும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் தின்று தீர வேண்டும், அல்லது உழைத்துத் தேய வேண்டும். இந்த இரண்டிலும் சேராத பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி.

பையைச் சொன்னதும் ஒரு எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. துணிப்பை என்று கடையில் நீட்டுவது பல நேரங்களில் துணியே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். ஓரத்தில் நகத்தால் நெருடினால் நூல் பிரிந்து வராது, பஞ்சுபோல் பிய்ந்துவிடும். நெய்யாமல் அழுத்தி ஒட்டிய பாலிப்ரோப்பிலீன் அது. பிளாஸ்டிக்குக்கு இன்னொரு வேஷம். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பொருள்களில் அந்தப் பையும் இருந்தது. உண்மையான மஞ்சப்பையை 10 ரூபாய்க்குத் தரும் இயந்திரத்தைக் கோயம்பேடு சந்தையிலேயே நிறுவினார்கள். ஆனால் ஒரே ஒரு பொருளைக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டால் பையே தேவைப்படாது. செலவில் ஒரு பகுதி அங்கேயே குறைந்துவிடும்.

என் முதல் யோசனை, சில்லுக்கருப்பட்டி போட்ட ஓலைப்பெட்டி. நம் பக்கத்தில் இதைக் கேட்டால் யாரும் வியக்க மாட்டார்கள். திருச்செந்தூர் போய் வந்தவர்கள் வீட்டிலெல்லாம் அந்தப் பெட்டி கிடக்கும். சென்னைப் பிள்ளைகளுக்கோ அது புதுப்பொருள். மூடியோடு கூடிய கையளவுப் பெட்டி, ஊதாவும் பச்சையுமாகச் சாயமேற்றிய ஓலை ஊடே ஓட, மொத்தமாக வாங்கினால் ஒன்று நாற்பது ரூபாய்க்குள் முடியும் என்று மணப்பாட்டுப் பக்கம் முடையும் அம்மா ஒருவர் சொல்லியிருக்கிறார். உள்ளே ஏலமும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய சில்லுக்கருப்பட்டி நான்கைந்து துண்டுகளை வாழையிலைச் சருகில் பொதிந்து வைத்துவிடலாம். கருப்பட்டி தீர்ந்த பிறகு பெட்டி வண்ணப் பென்சில் துண்டுகளுக்கோ, பாசிமணிக்கோ, பொட்டுக்கோ ஆகும். கருப்பட்டியில் சீனி கலப்பது இப்போது சகஜமாகிவிட்டதால் அதை மட்டும் எனக்குப் பழக்கமான இடத்தில் நானே வாங்கி அனுப்புகிறேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் யோசித்தேன். அது பிளாஸ்டிக் உறையிலேயே வருகிறது, மேலும் நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருந்தாலும் சங்கடம்.

இரண்டாவது யோசனைக்கு இன்னும் குறைந்த செலவே ஆகும். எனக்குப் பிடித்ததும் இதுதான். உன் தெருத் தையல்காரரிடம் வெட்டுத்துணி சும்மாவே கிடைக்கும். கைக்குட்டை அளவுக்குச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, அதன்மேல் அழியாத மையால் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை வரைந்துவிடு. நடுவில் ஆடுகளுக்குப் பதினைந்து புளியங்கொட்டையும் புலிகளுக்கு மூன்று மஞ்சாடி விதையும் வைத்து, நான்கு மூலையையும் சேர்த்துச் சணல் கயிற்றால் முடிந்தால் அதுவே பை, அதுவே பலகை, அதுவே பரிசு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த ஆட்டம் பிடிபட அதிக நேரம் ஆகாது. ஆட்டைக் கட்டிக் காப்பதா புலியை அடைப்பதா என்று பெரியவர்களும் கூட உட்கார்ந்துவிடுவார்கள். விளையாடும் முறையை ஒரு துண்டுத் தாளில் யாழினியையே எழுதச் சொல். விதையில் மட்டும் கவனமாக இரு. மஞ்சாடி முழுக்கச் சிவப்பாகவும் தட்டையாகவும் இருக்கும். சிவப்பும் கறுப்புமாக இருக்கும் குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதே. அதை மென்றுவிட்டால் கடும் நஞ்சு. எந்த விதையானாலும் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருக்கும் வீட்டுக்குப் போகும்போது தாய்மாரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.

அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 25 பேருக்கு அது கட்டுப்படியாகாது. யாழினிக்கு மட்டும் ஒரு செட் நான் வாங்கி வைத்திருக்கிறேன், அவளிடம் இப்போது சொல்லிவிடாதே.

மரக்கன்று கொடுப்பதையும் விதைப் பென்சிலையும் எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. கன்று வருவதே கறுப்புப் பாலித்தீன் உறையில். அடுக்குமாடியில் வேம்பையும் புங்கையும் எங்கே நடுவார்கள்? விதைப் பென்சில் தேயும் வரை காத்திருந்து அடிக்கட்டையை மண்ணில் ஊன்றும் பொறுமை பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? அதைவிட, உன் சமையலறையில் சேரும் தேங்காய்ச் சிரட்டைகளை இப்போதிருந்தே கழுவி எடுத்துவை. அடியில் ஓர் ஓட்டை, பாதியளவு மண், ஒரு சிட்டிகை வெந்தயம். பிறந்தநாளன்று பிள்ளைகளே விதைத்து எடுத்துக்கொண்டு போனால் மூன்றாம் நாளே முளை எட்டிப்பார்க்கும். ஜன்னலோரத்தில் வைத்து மூன்று வாரத்தில் கிள்ளிக் குழம்பில் போடலாம். குழந்தையின் பொறுமைக்கு எட்டிய வேளாண்மை அவ்வளவுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கேக் வெட்டுவதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே பிள்ளைகள் ஓடி ஓடிச் சோபாவை உதைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேலை கிடைத்துவிடும். புனேயில் குழந்தைகளுக்கான அறிவியல் மையத்தில் வெகுகாலம் பணியாற்றிய அரவிந்த் குப்தாவை உனக்குத் தெரிந்திருக்கும். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்தே முக்கோணமும் வீடும் கோபுரமும் கட்டவைப்பவர். மருந்து நுனியைக் கிள்ளிவிட்ட தீக்குச்சிகளும், சிறு துண்டுகளாக நறுக்கிய டியூபும் இருந்தால் 25 பிள்ளைகளும் தாங்கள் கட்டியதையே வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். தான் செய்ததைப் பிள்ளை லேசில் தூக்கி எறியாது. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் கைவேலை வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

புத்தகம் கொடுப்பதும் நல்லதே. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்கள் உன் மகள் சொல்லும் தொகைக்கு மிகவும் கீழேதான் இருக்கும். ஆளுக்கு ஒரு படித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மாற்றி எடுத்துப்போகச் சொன்னால் அந்தச் செலவும் இல்லை.

இனி உன் மகளின் தயக்கத்துக்கு வருகிறேன். அதை அலட்சியமாக நினைக்காதே. அவள் கணக்கு மொய்நோட்டுக் கணக்கு: போன மாதம் பக்கத்து ஃபிளாட்டில் தண்ணீர்ப் புட்டியும் பென்சில் டப்பாவும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதற்குக் குறைந்து செய்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது. மொய்யாவது வட்டமாய்ச் சுற்றி நம் கைக்கே திரும்பி வரும். இந்தப் பைகளோ நேரே பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் போகின்றன. ஆனாலும் அவளிடம் தத்துவம் பேசாமல், கருப்பட்டிப் பெட்டியையும் ஆடுபுலித் துணியையும் முன்னால் வைத்து, எது வேண்டும் என்று யாழினியைக் கேட்கச் சொல். பேத்தி தேர்ந்தெடுத்துவிட்டால் தாய் மறுக்க மாட்டாள். அழைப்பை வாட்ஸப்பில் அனுப்பும்போதே, பிள்ளைகள் தாங்களே செய்த ஒரு பொருளோடு திரும்புவார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் மற்ற தாய்மார்களும் வேறொன்றை எதிர்பார்க்க மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உள்ளூர நிம்மதியாகவும் இருக்கும்.

பெட்டிதான் என்று முடிவானால் எண்ணிக்கையை இந்த வாரத்துக்குள் எழுது. முடைகிற அம்மாவுக்குக் குருத்தோலை வாங்கிச் சாயம் காய்ச்சி உலர்த்த வெயில் வேண்டும். கார்த்திகை மழை பிடித்துவிட்டால் ஓலை பூசணம் பூத்துவிடும், கருப்பட்டியும் கசியும். மூன்று நான்கு பெட்டிகள் கூடுதலாகவே சொல்லிவை; அழைக்காத அக்கா தம்பிமார் கூட வருவது உண்டு. பஸ் பார்சலில் போட்டுவிட்டு வண்டி எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறேன், கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் மருமகனை எடுத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
கோமதி