கரையொதுங்கிய பாசி பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, மண்வெட்டி பிடிக்க முடிகிறது.

கரையில் குவிந்த கடற்பாசியை லாரியில் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதை அறுக்கிறது. காற்றுப் புகாத குவியலில் அழுகினால் மீத்தேன் கிளம்பும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. சமையலறைக் கழிவுக்கும் அதே கதிதான்.

இரண்டையும் சேர்த்து மட்கவைக்கலாம். முதல் தடவை நான் ஈரப் பாசியையும் காய்கறித் தோலையும் அப்படியே குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட்டேன். நாலாம் நாள் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்புக் குழம்பு. பாசியில் கந்தகம் உண்டு. காற்றில்லாமல் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறும். அதை லேசாக எண்ணாதே: பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் 2009இல் அழுகிய பச்சைப் பாசியில் சிக்கிய குதிரை செத்தது, அதன்மேல் சவாரி வந்தவர் நினைவிழந்தார். ஆகவே ஒதுங்கிய ஓரிரு நாளிலேயே அள்ளிவிட வேண்டும். நாறத் தொடங்கிய குவியலுக்குள் நீ இறங்காதே.

அடுத்த தடவை பாசியை மழையில் நனையவிட்டு உப்பைப் போக்கினேன். ஒரு பங்கு பாசி, ஒரு பங்கு சமையலறைக் கழிவு, இரண்டு பங்கு காய்ந்த சருகு. தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குக்குக் கரிச்சத்து (கார்பன்) 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும்; சருகு அதற்காகத்தான். காற்றோட்டத்துக்கும் அதுவே உதவும். ஐந்தாம் நாள் காலையில் குவியலைக் கிளறினேன், ஆவி பறந்தது. உள்ளே செருகியிருந்த கம்பியை உருவினால் கையில் பிடிக்க முடியவில்லை. 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் சாகும். பாசியின் மணிமணியான காற்றுக் குமிழ்கள் முதலில் விரலில் பட்பட்டென்று உடைந்தன. கடைசியில் இலை நரம்பு மிஞ்சியிருந்தது, பாசி இருந்த தடமே இல்லை. மரம்போல் கெட்டியான நார் அதில் கிடையாது.

பழுப்புப் பாசியான சர்காசம் என்றால் ஒரு எச்சரிக்கை. அது கடல்நீரிலிருந்து ஆர்சனிக்கைச் சேர்த்துவைக்கும். பரிசோதிக்காமல் காய்கறிப் பாத்தியில் போடாதே. நான் பூச்செடிகளுக்கு மட்டும் போடுகிறேன்.

2011 முதல் கரீபியன் கரைகளை மூடிவரும் அந்தப் பாசியை அங்கே சும்மா விடவில்லை. மெக்சிகோவில் மண்ணோடு கலந்து செங்கல் அறுத்து வீடு கட்டியிருக்கிறார்கள். பார்படாசில் ரம் ஆலைக் கழிவுநீரோடும் ஆட்டுப் புழுக்கையோடும் சேர்த்து எரிவாயு எடுத்து வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பாசி தனியாக வேலை செய்யவில்லை, பார்த்தாயா?

இன்னொன்று, கரையைச் சுத்தமாக வழித்துவிடச் சொல்லாதே. அலை விட்டுப்போன மெல்லிய பாசி வரிசையில்தான் மணல்தத்திகள் என்னும் துள்ளும் சிற்றுயிர்கள் வாழ்கின்றன, பறவைகள் அவற்றைத் தேடி வருகின்றன. இயந்திரம் வழித்தால் மணலும் சேர்ந்து போய்விடும். தடித்த குவியலை மட்டும் கவைமுள்ளால் எடுத்தால் போதும்.

உன் கரையில் ஒதுங்குவது பச்சையா பழுப்பா, காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்து எழுது. முடிந்தால் படம் அனுப்பு. அதற்குள் சருகை மூட்டை கட்டி வைத்துக்கொள். பாசி வந்த பிறகு தேடினால் நேரம் போதாது.

அன்புடன்,
உன் பழைய தோழன்