கேள்வி கேட்க ஒரு கதிரை

எடின்பரோ

அன்பின் ரகுவுக்கு,

உன்னுடைய நீண்ட மின்னஞ்சல் கிடைத்துக் கொஞ்ச நாளாகிவிட்டது. நீ கேட்டிருப்பது வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே சுமதிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை ஒருவழியாக முடிந்து, தடி இல்லாமல் நடக்கிறாள். மூத்தவன் கிளாஸ்கோவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போவான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மாகாண சபைத் தேர்தல் பற்றி அங்கே இலங்கையில் திரும்பவும் கதை அடிபடுகிறது, ஆனால் "இருந்த காலத்தில் என்னத்தைக் கண்டோம் மச்சான்" என்று எழுதியிருந்தாய். காணி அதிகாரம் இல்லை, பொலிஸ் அதிகாரம் இல்லை, ஆளுநரின் கையொப்பம் இல்லாமல் ஒன்றும் நகராது. அவ்வளவும் உண்மை, ஒன்றையும் மறுக்கமாட்டேன். ஆனால் நீ விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. சபை என்று ஒன்று இருந்தால், அமைச்சராக இருக்கிற ஆளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அந்த ஆள் ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், அது அச்சிலும் ஏறும். இது சின்ன விஷயம் இல்லை என்பதை ஸ்கொட்லாந்தில் இருந்து பார்த்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

இங்கே பாராளுமன்றம் வந்த கதை உனக்கு ஓரளவு தெரியும். 1997 செப்டெம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது, வாக்களித்தவர்களில் 74 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் பாராளுமன்றம் வேண்டும் என்றார்கள். 1998இல் சட்டம், 1999 மே மாதம் முதல் கூட்டம். மொத்தம் 129 பேர். 73 பேர் தொகுதிகளில் இருந்தும் 56 பேர் பிராந்தியப் பட்டியல்களில் இருந்தும் வருகிறார்கள். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், பொலிஸ், நீதிமன்றம், தெருக்கள், விவசாயம் எல்லாம் இவர்கள் கையில். பாதுகாப்பு, வெளிநாட்டு அலுவல், குடிவரவு எல்லாம் லண்டனில். முதல் நாள் கூட்டத்தைத் தற்காலிகமாகத் தலைமை தாங்கி நடத்தியவர், வயதில் மூத்த உறுப்பினரான வினி யூவிங் அம்மையார். 1707 மார்ச் 25ஆம் திகதி ஒத்திவைக்கப்பட்ட பாராளுமன்றம் இன்று திரும்பக் கூடுகிறது என்று அவர் சொன்னதை இங்கே பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அவருடைய குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள், பிறகு வரும்.

நீ யூடியூப்பில் பார்த்ததாகச் சொன்னது வியாழக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு நடக்கிற முதலமைச்சரிடம் கேள்வி நேரம். முக்கால் மணித்தியாலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் முதலில் கேட்பார்கள், அதன்பிறகு மற்ற உறுப்பினர்கள். யாரைக் கேட்கவிடுவது என்று அவைத் தலைவர் தீர்மானிப்பார். நானும் பார்வையாளர் மாடத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அரைவட்டமாகக் கதிரைகள், எல்லாம் வெளிர்நிற மரம், மேலே பெரிய மர உத்தரங்கள். முன்னால் வெள்ளிச் செங்கோல். அதில் ஞானம், நீதி, கருணை, நேர்மை என்று நான்கு சொற்கள் பொறித்திருக்கிறது. மாடத்தில் இருந்து கை தட்டக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து இருந்து பார்ப்பார்கள். அந்த முக்கால் மணித்தியாலத்தில் அரைவாசி கட்சிச் சண்டைதான். ஆளுங்கட்சி உறுப்பினர் எழும்பி, "அரசாங்கத்தின் இந்த நல்ல முடிவை முதலமைச்சரும் வரவேற்பாரா?" என்று கேட்பார். அவரும் வரவேற்பார். அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று எனக்கு அப்படியான நேரங்களில் மனவருத்தமாக இருக்கும்.

அதை மட்டும் பார்த்துவிட்டு இந்த முறையை எடைபோடக் கூடாது. உண்மையான வேலை நடப்பது எழுத்துமூலக் கேள்விகளில். எந்த உறுப்பினரும் எத்தனை கேள்வியும் எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் விழும். சாதாரணமாகப் பத்து வேலை நாட்களுக்குள் பதில் வரவேண்டும், பாராளுமன்றம் நீண்ட விடுமுறையில் இருந்தால் இருபது. கேள்வியும் பதிலும் எல்லாருக்கும் பகிரங்கம். அமைச்சர் குரலை உயர்த்திச் சமாளிக்க அதில் இடமில்லை.

சுமதியின் முழங்கால் விஷயத்தில் இதைக் கிட்ட இருந்து பார்த்தேன். இங்கே 2011ஆம் ஆண்டு நோயாளர் உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிகிச்சை செய்வதென்று ஒத்துக்கொண்ட நாளில் இருந்து பன்னிரண்டு கிழமைக்குள் செய்யவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவளுக்குப் பன்னிரண்டு கிழமை போய், ஒரு வருடமும் தாண்டியது. இரவில் நோவு தாங்காமல் குசினிக்குள் நடந்து திரிவாள். வைத்தியசாலைக்கு எடுத்தால் "பட்டியலில் இருக்கிறீர்கள்" என்ற ஒரே பதில். கடைசியில் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதினேன். அவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒரு பெண்மணி. சுமதியின் பெயரைப் போடாமல், எங்கள் சுகாதாரச் சபைப் பகுதியில் முழங்கால், இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அரசாங்கத்திடம் எழுத்தில் கேட்டார். வந்த பதில், அந்த விபரம் கேட்ட மாதிரிப் பிரித்துத் திரட்டி வைக்கப்படவில்லை என்பது.

எனக்குச் சினம் வந்தது. அந்த உறுப்பினருக்கு வரவில்லை. இப்படியான பதிலைக் கண்டு பழகியவர் போல. அடுத்த கேள்வியைப் போட்டார்: திரட்டி வைக்கவில்லை என்றால், சட்டத்தில் உள்ள பன்னிரண்டு கிழமை மீறப்படுகிறதா என்று அமைச்சர் எதை வைத்துக் கண்காணிக்கிறார்? இதற்கு வந்த பதிலில், எந்தத் தரவு யாரிடம் இருக்கிறது, எங்கே வெளியாகிறது என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது கேள்வி. மூன்றையும் பதில்களோடு எனக்கு அனுப்பிவைத்தார். இதனால் சுமதிக்கு ஒரு நாள்கூட முந்திச் சத்திரசிகிச்சை நடக்கவில்லை, அதை நான் உனக்கு மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதங்களை அவள் மேசையில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தாள். தனக்கு நடக்கிற அநியாயத்தைப் பற்றி ஓர் அரசாங்கம் எழுத்தில் பதில் சொல்லவேண்டி வந்தது என்பது, இரவில் குசினிக்குள் நடந்து திரிகிற ஒருவருக்குப் பெரிய விஷயம்தான்.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் கப்பல் கதை. நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவான் படகு எப்படியோ, இங்கே அரன் தீவுக்காரருக்குப் பயணிகள் கப்பல் அப்படி. 2015இல் இரண்டு கப்பல் கட்டுவதற்கு கிளைட் ஆற்றங்கரையில் உள்ள பேர்குசன் கட்டுமானத் தளத்துக்கு 97 மில்லியன் பவுணுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2018இல் ஓடவேண்டும். 2017 நவம்பரில் முதலாவது கப்பலான கிளென் சன்னொக்ஸை முதலமைச்சர் கடலில் இறக்கிவைத்தபோது, கண்ணாடி பொருத்தாத இடத்தில் ஜன்னலைப் பெயின்றால் வரைந்திருந்தார்கள். அது பயணிகளோடு ஓடத் தொடங்கியது 2025 ஜனவரியில். இரண்டாவது கப்பலின் திகதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. நட்டப்பட்ட தளத்தை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது. செலவு ஒப்பந்தத் தொகையைப் போலப் பல மடங்கு.

இதில் எல்லாரும் விடாமல் கேட்டது ஒரு கேள்வி. வழக்கமாகக் கட்டுகிறவர்கள் தரவேண்டிய முழுப் பணஉத்தரவாதம் இல்லாமல், கப்பலை வாங்குகிற அரச நிறுவனமே பயந்து எச்சரித்தபின், இந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டது யார், ஏன்? சபையில் கேட்டார்கள், எழுத்தில் கேட்டார்கள், குழுக்களில் கேட்டார்கள். 2022 மார்ச்சில் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வந்தது. அமைச்சர்கள் அந்த ஆபத்தை ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை விளக்கப் போதிய ஆவணம் இல்லை என்றார். ரகு, நீ கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், வேலை செய்தவன், ஒரு கோப்பில் அந்தக் குறிப்பு இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன்பிறகு கேள்விகள் இன்னும் கூடின. மே மாதம், இல்லை என்று சொல்லப்பட்ட ஆவணம், 2015ஆம் ஆண்டு மின்னஞ்சல் ஒன்று, அரசாங்கத்தின் கையிலேயே கிடைத்தது! அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஒப்புதல் கொடுத்ததாக அதில் இருந்தது. ஏன் என்பதற்கு முழுப் பதில் அதிலும் இல்லை. கேள்வி ஓயாமல் இருந்திராவிட்டால் அந்த மின்னஞ்சலும் வெளியே வந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

அப்புறம் ஏ9 தெரு. பேர்த்தில் இருந்து இன்வெர்னஸ் வரை மலைநாட்டுக்குப் போகிற முதன்மைத் தெரு, பெரும்பகுதி ஒற்றைத் தடம். விபத்துகளும் சாவுகளும் அங்கே தொடர்கதை. 2025க்குள் முழுவதையும் இரட்டைத் தடமாக்குவோம் என்று ஸ்கொட்டிஷ் தேசியக் கட்சி அரசாங்கம் 2011இல் வாக்குக் கொடுத்தது. பதினொரு பகுதிகளில் இரண்டு மட்டும் முடிந்திருந்த நிலையில், 2023 பெப்ரவரியில் 2025 சாத்தியமில்லை என்று அமைச்சர் சபையில் ஒத்துக்கொண்டார். அந்த வருடம் டிசம்பரில் புதிய திகதி வந்தது: 2035.

இதில் அரசாங்கத்தைக் கடுமையாகக் கேட்டவர்களில் ஒருவர் பேர்கஸ் யூவிங், வினி யூவிங்கின் மகன். அப்போது ஆளுங்கட்சி உறுப்பினர், இன்வெர்னஸ் பகுதித் தொகுதியில் இருந்து வந்தவர். முன்பு அவரே பல வருடம் அமைச்சராக இருந்தவர், அந்த வருடங்களில் தெரு ஏன் நகரவில்லை என்று அவரிடமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனாலும் தன் கட்சி அமைச்சர்களின் முகத்தைப் பார்த்து, சபை முழுக்கக் கேட்க, "எப்போது?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது லேசான காரியமில்லை. கட்சியோடு முறுகி, 2025இல் சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தார். அவருடைய மற்ற நிலைப்பாடுகள் சிலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. இதில் அவருக்கு என் மரியாதை உண்டு. இன்னொன்றும் நடந்தது. ஒரு சாதாரணப் பிரஜை கொடுத்த மனுவைப் பாராளுமன்ற மனுக்கள் குழு எடுத்து விசாரித்தது. முன்னாள் முதலமைச்சர்கள் அந்தக் குழுவுக்கு முன்னால் வந்திருந்து பதில் சொன்னார்கள்.

கேள்விக்கு எல்லையும் இருக்கிறது. ஸ்கொட்லாந்து அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளதைப் பற்றித்தான் அந்தச் சபையில் கேட்கலாம். விசா விஷயத்தைக் கேட்டால் அது லண்டனின் அலுவல் என்று முடிந்துவிடும். அதேபோல, இங்கே ஏதாவது பிழைத்தால் லண்டன் தந்த காசு காணாது என்று கையை விரிக்கிற அமைச்சர்களும் உண்டு. சில நேரம் அது உண்மை, சில நேரம் தப்பித்தல். எது எப்போது என்று பிரித்துப் பார்க்கவும் ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டியிருக்கிறது.

இப்போது வட அயர்லாந்தைப் பார். அங்கேயும் சபை உண்டு, அதிகாரம் உண்டு. ஆனால் கட்சிகள் முறுகிக்கொண்டதால் 2017 ஜனவரியில் இருந்து மூன்று வருடம் ஆட்சி இயங்கவில்லை. திரும்ப 2022 பெப்ரவரியில் நின்று இரண்டு வருடம். அந்தக் காலத்தில் வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் பூட்டிக்கிடக்கவில்லை, பெரும்பாலும் அதிகாரிகள் நடத்தினார்கள். காத்திருப்புப் பட்டியல் நீண்டபோது, எழுப்பி நிறுத்திக் கேட்கப் பெரும்பாலான காலம் சபையில் ஓர் அமைச்சர் இருக்கவில்லை.

நம்முடைய வட மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த வருடம் கொழும்புப் பாராளுமன்றத்தில் தோற்றது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லாமல் வருடங்கள் போயின. மாகாணப் பாடசாலைகள், வைத்தியசாலைகள், தெருக்கள் எல்லாம் ஆளுநருக்குக் கீழே நடக்கின்றன. நல்ல ஆளுநர் வரலாம், நல்ல செயலாளர்கள் இருக்கலாம், அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால், அதை ஏன் என்று சபையில் எழும்பிக் கேட்க நீ வாக்குப் போட்ட ஆள் ஒருவரும் சபை கூடிய கைதடியில் இல்லை. தீர்மானங்கள் நிறைவேற்றியதைத்தான் நாம் அந்தச் சபையைப் பற்றிப் பேசுகிறோம். கேள்வி நேரத்தில் என்ன நடந்தது என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அதனால் உன்னிடம் ஓர் உதவி. கைதடிப் பக்கம் போகும்போது பேரவைச் செயலகத்தில் அந்த ஐந்து வருடத்து ஹன்சாட் ஏடுகள், அதாவது சபையில் பேசியதன் அச்சுப் பதிவுகள், பார்க்கக் கிடைக்குமா என்று விசாரி. கிடைத்தால் கல்வி, சுகாதாரம் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளையும் அமைச்சர்களின் பதில்களையும் போனில் படம் எடுத்து அனுப்பு. எந்தக் கேள்வி திரும்பக் கேட்கப்பட்டது, எது முதல் பதிலோடு விடப்பட்டது என்று இருந்து பார்க்க எனக்கு ஆசை. தேர்தல் வந்தால் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அதைக் காட்டிக் கேட்கலாம்.

சுமதி உன்னையும் கலாவையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளையின் ஏ லெவல் மறுமொழி வந்ததும் எழுது.

அன்புடன்,
குகன்