‘ஃபைன்’ என்ற சொல்லுக்கு இன்னும் சில வரிகள் கொடுங்கள்

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். ‘ஃபைன்’ என்ற பெயரடைக்கு ‘நல்ல, நேர்த்தியான, மெல்லிய, நுண்ணிய’ என்று பொருள்களை அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்கு நகர்ந்துவிடுகிறீர்கள். அடுக்கியதில் பிழையில்லை. எந்தப் பொருள் எந்த இடத்தில் என்பதுதான் அதில் இல்லை.

நூலோ பொடியோ என்றால் சிக்கலே இல்லை. ‘மெல்லிய’, ‘நயமான’ என்று நம்மிடமே சொல் இருக்கிறது. 22 காரட் தங்கத்தை 916 என்கிறோமே, ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்று, அந்தக் கணக்கையும் ஆங்கிலத்தில் ‘ஃபைன்னெஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். பொன்னின் தரத்தைச் சொல்லும் நம் ‘மாற்று’ அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ‘முடிவு’ என்ற பொருளுடைய லத்தீன் ‘ஃபீனிஸ்’தான் ‘ஃபைன்’ என்பதன் வேர். குறைவறச் செய்து முடித்தது, அதனால் உயர்ந்தது. அபராதத்தைக் குறிக்கும் ‘ஃபைன்’ கூட அதே வேரில் கிளைத்ததுதான். வழக்கை முடித்துவைக்கும் தொகை அல்லவா!

வம்பு தொடங்குவது பேச்சில். பெயருக்கு முன்னால் நின்றால் இந்தச் சொல் பெரும்பாலும் பாராட்டு: ‘எ ஃபைன் பெயின்ட்டர்’ என்றால் தேர்ந்த ஓவியர். அதுவே வாக்கியத்தின் கடைசிக்குப் போனால் சுருதி இறங்கிவிடுகிறது. ‘யுவர் ரிப்போர்ட் இஸ் ஃபைன்’ என்று மேலதிகாரி சொன்னால் அறிக்கை அபாரம் என்று பொருளல்ல. குறை சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அகராதியை நம்பியவர் அன்று முழுதும் பூரித்துப்போயிருப்பார்.

‘இன்னும் கொஞ்சம் டீ?’ என்று ஆங்கிலத்தில் கேட்கிறோம். ‘ஐ ஆம் ஃபைன்’ என்கிறார் விருந்தாளி. அவர் உடல்நலம் சொல்லவில்லை. ‘போதும், வேண்டாம்’ என்கிறார். ‘நலமாக இருக்கிறேன்’ என்று மட்டுமே படித்தவர் கோப்பையை மறுபடி நிரப்பிவிடுவார். வாக்குவாதத்தின் நடுவே உதட்டை இறுக்கிக்கொண்டு ‘ஃபைன்!’ என்று ஒற்றைச் சொல்லாக வந்தாலோ, ‘எப்படியோ போ’ என்று பொருள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டால் சண்டை வலுக்கத்தான் செய்யும்.

ஆகவே அடுத்த பதிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியமாவது கொடுங்கள். சொல் பெயருக்கு முன் நிற்கிறதா பின் நிற்கிறதா, சொல்பவர் மகிழ்ந்து சொல்கிறாரா சலித்துச் சொல்கிறாரா என்றும் குறியுங்கள். பக்கம் போதாதென்றால், எவரும் வாயில் எடுக்காத அரிய சொற்களில் பத்துப் பதினைந்தை நீக்கிக்கொள்ளலாம். யாரும் தேடி வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அகராதிகளை நாளும் புரட்டும் வாசகர்