அண்டாவில் வெட்டிய பெயர்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் பேனாவை எடுத்தபோதெல்லாம், காரைக்குடிக்கு ஒரு நடை போய்விட்டு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன வியாழக்கிழமைதான் போய் வந்தேன். அதனால் இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. சின்னவள் ஆடிக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். என் முழங்கால் உன் முழங்காலைவிடப் பரவாயில்லை.

சரி, உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் வாங்கிய ஃப்ளாட்டைப் பழைய காலத்து வீடு மாதிரி ஆக்கவேண்டும், ஹாலில் தேக்குத் தூண் இரண்டு நிறுத்தவேண்டும், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல் போடவேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தாய். தூண் வேண்டாம் என்று சொல். மூன்றாவது மாடியில், காங்கிரீட் கூரைக்குக் கீழே, சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு தூண் நின்றால் ஓட்டல் வரவேற்பறை மாதிரிதான் இருக்கும். தாங்குவதற்கு ஒன்றுமில்லாத தூணைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி மட்டும் யோசிக்கலாம். அதைச் சூளையில் சுடுவதில்லை, தெரியுமா? ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ வேலைக்குத் தகுந்த மாதிரி அறை அறையாகச் சாயக் குழம்பை ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கிக் காயவைத்து, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். அந்தப் பளபளப்பு நடக்க நடக்கத்தான் கூடும். ஆனால் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ கொட்டி அப்படியே விட்டால் கறை பிடித்துவிடும், ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. வேலைக்கு வரும் பெண் ஆசிட் ஊற்றாத வீடு எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு கல் கனமானது, கீழே கலவையும் தடியாகப் போடவேண்டும், கதவுகள் இடிக்கும். பூஜை அறைக்கும் வாசல் நடைக்கும் மட்டும் போட்டால் போதும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இப்போது காரைக்குடிக் கதை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன என்று எல்லோரும் சொல்வார்கள். வெளியே இருந்து பார்த்தால் காயலான் கடை மாதிரிதான் இருக்கும். உள்ளே போனால் கால் வைக்க இடமில்லை. ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், பீங்கான் ஊறுகாய் ஜாடிகள், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடிகள், மரப்பாச்சிகள், பல்லாங்குழி, கல்லாப்பெட்டி, யாருடைய தாத்தாவோ தலைப்பாகையோடு முறைத்துக்கொண்டிருக்கும் புகைப்படங்கள். அந்தப் புகைப்படங்களை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. வேறொரு வீட்டுத் தாத்தாவை விலைக்கு வாங்கி நம் சுவரில் மாட்டுவது எப்படி என்று எனக்குப் புரியவேயில்லை. ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு ஜோடி மூன்று தாத்தாக்களை வாங்கிக்கொண்டு போனது.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் அவை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அங்கே இருந்த சொத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. மிச்சமிருந்த வீடுகளுக்கோ பங்காளிகள் பெருகிவிட்டார்கள். ஒரே வீட்டுக்கு இருபது பங்கு என்றால் ஓடு மாற்றுவதற்கு யார் பணம் போடுவது? கடைசியில் இடித்து, தூண் தனியாக, கதவு தனியாக, சட்டிபானை தனியாக விற்றுவிடுகிறார்கள். அந்தக் கடைகளுக்குள் நடக்கும்போது, சாவு வீட்டில் நகை பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம் இருந்தது. அரை மணி நேரத்தில் அது போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலை பேச ஆரம்பித்தால் எந்தக் கூச்சமும் நிற்காது.

வாங்கினது மூன்றே மூன்று. முதலாவது ஒரு மகாலட்சுமி படம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து அடித்து விட்டாரே, அந்த வகை அச்சு. அவர் அச்சகத்திலேயே அடித்ததா, பிறகு வந்த நகலா என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, நானும் கவலைப்படவில்லை. நான் அதை வாங்கக் காரணம் வேறு. லட்சுமியின் புடவைமேல் யாரோ நிஜமான துணியை வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஜரிகை வைத்து, நகைகளுக்கு ஜிகினாவும் சின்னச் சின்ன மணிகளும் பதித்திருக்கிறார்கள். வளவுக்குள், அதுதான் அந்த உள்முற்றத்தில், மத்தியான வேளையில் உட்கார்ந்து ஒரு ஆச்சி செய்த வேலையாக இருக்கும். இடது கை வளையலில் ஒரு மணி குறைகிறது. என்னிடம் அதே மாதிரி மணி இருந்தும் ஒட்டவில்லை, ஒட்டத் தோன்றவில்லை. படத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணி போட்டுவிடாதே. நல்ல மென்மையான பிரஷ் போதும். பின்னால் இருக்கும் பழைய அட்டையில்தான் ராமபாணப் பூச்சி குடியிருக்கும், அதை மாற்றிவிட்டு, வெயில் நேராக விழாத சுவரில் மாட்டவேண்டும்.

இரண்டாவது, நான் ஏமாந்தது. நூறு வருஷத்துச் சட்டம் என்று சொல்லி ஒரு கண்ணாடிச் சட்டத்தை ரூ. 6,500-க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். எந்தக் கடை என்று கேட்காதே. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் நான்கு மூலையிலும் ப்ளஸ் போட்ட ஸ்க்ரூ! நம் அப்பாக்கள் காலத்துத் தச்சர்கள் யாரிடமாவது ப்ளஸ் ஸ்க்ரூ இருந்ததா? ஒரே கோடு போட்டதுதான். பழுது பார்க்கும்போது மாற்றியிருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மரத்தை முகர்ந்தால் புது வார்னிஷ் வாசம். டீத்தூள் தண்ணீரைப் பூசிப் பழையதாக்கியிருப்பார்கள் என்கிறார் எங்கள் தச்சர். அதனால் உன் மகன் மரச்சாமான் வாங்கப் போனால் முன்பக்கத்தைப் பார்க்கவேண்டாம் என்று சொல். பின்பக்கம், அடிப்பக்கம், இழுப்பறையின் உள்பக்கம், இவைதான் பொய் சொல்லாது. ஐம்பது வருஷம் இழுத்துத் தள்ளிய இழுப்பறைக்கு அடியில் மரம் தேய்ந்திருக்கவேண்டும். அப்புறம், தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று பார்க்கச் சொல். கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, அது அந்த ஒரு சாமானோடு நிற்காது, வீட்டில் இருக்கும் மற்றதையும் உளுக்க வைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் மருமகள் பழைய வெண்கலச் சிலை ஒன்று கிடைத்தால் வாங்கி அவள் அக்காவுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றாளாமே. வேண்டவே வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் எல்லாம் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பவே கூடாது, உள்ளூரில் வைத்துக்கொள்ளவும் பதிவு இருக்கவேண்டும். எந்தக் கோயிலிலிருந்து போனதோ யார் கண்டது. ஆசைக்கு ஒரு குத்துவிளக்கை நாச்சியார்கோவிலில் புதிதாகவே வாங்கிக் கொடுக்கட்டும். நாற்பது வருஷம் தேய்த்தால் அதுவும் பழசாகிவிடும்.

மூன்றாவதாக வாங்கியதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. ஒரு பித்தளை அண்டா. நடுத்தர அளவு, ஒரு பக்கம் லேசாக நசுங்கியது. விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, "தெ. உ. மெ. உமையாள்" என்று பெயர் வெட்டியிருக்கிறது. கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பியபோது வைத்ததாக இருக்கும். உமையாள் யார், இருக்கிறாளா, போய்விட்டாளா, ஒன்றும் தெரியாது. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டு முற்றம் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கும் நினைவிருக்கும். தெருவில் ஒருவன் கூவிக்கொண்டு வருவான், பழைய பித்தளைக்கு எவர்சில்வர் என்று. எங்கள் அம்மா ஒரே மத்தியானத்தில் இரண்டு அண்டா, ஒரு தவலை, பாட்டி சீர் கொண்டுவந்த வெங்கலப் பானை எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு, ஏழு எவர்சில்வர் டப்பாவும் ஒரு டிபன் கேரியரும் வாங்கினாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது எல்லோரும் ஐயோ போயிற்றே என்கிறோம். ஆனால் புளியும் சாம்பலும் வைத்து அவற்றைத் தேய்த்தது நாம் இல்லையே. வருஷா வருஷம் ஈயம் பூசுகிறவனுக்குக் காத்திருந்ததும், பூச்சு போன பாத்திரத்தில் மறந்துபோய்ப் புளிக்குழம்பு வைத்துக் களிம்பு ஏறிக் கொட்டியதும் அவள்தான். எவர்சில்வர் அவளுக்கு விடுதலை. அந்த விடுதலைக்கு அவள் கொடுத்த விலையைத்தான் நான் இப்போது பத்து மடங்காகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். அம்மா இருந்திருந்தால், "புத்தி கெட்டுப் போச்சாடி உனக்கு" என்று கேட்டிருப்பாள்.

அண்டாவைப் பாலிஷ் போடக் கொடுத்தேன். பட்டறையில் இருந்த பெரியவர், "பேரைத் தேய்ச்சு எடுத்துடலாமாம்மா? சுத்தமா இருக்கும்" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே, "அப்ப உங்க பேரையும் பக்கத்துல வெட்டிடலாமா?" என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது அது எங்கள் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் தண்ணீர் நிரப்பி, பின்பக்கத்து நந்தியாவட்டையில் நாலு பூவைப் பறித்துப் போடுகிறேன். வந்தவர்கள் யாராவது உமையாள் யார் என்று கேட்டால், "தெரியாது, ஆனால் அண்டா அவளுடையது" என்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் கேட்டுச் சிரிக்கிறார்.

உன் மகனிடம் கடை கடையாக ஏறுவதற்கு முன்னால் உங்கள் பரணை ஒரு முறை இறக்கிப் பார்க்கச் சொல். உன் மாமியாரின் அஞ்சறைப்பெட்டி எங்கே? அந்தக் கும்பகோணத்து ஈயச்சொம்பு? ஈயச்சொம்பு கிடைத்தால் பத்திரம், வெறுமனே அடுப்பில் வைத்துவிடப் போகிறார்கள். அது வெள்ளீயம், 232 டிகிரிக்கே உருகிவிடும். ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பு. புதிதாக வாங்குவதாக இருந்தால் நம்பிக்கையான கடையில் வாங்கு, காரீயம் கலந்ததைத் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சுவருக்கு என்ன செய்திருக்கிறேன் என்று சொன்னால் நீ திட்டுவாய். 1979-ல் நீ எனக்கு எழுதிய அந்த நீல இன்லேண்ட் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பயப்படாதே, முகவரி எழுதிய பக்கம்தான் வெளியே தெரிகிறது. உள்ளே நீ எழுதியிருப்பதை மாப்பிள்ளைகள் படித்தால் நம் இரண்டு பேருக்குமே மரியாதை போய்விடும். மடிப்பு கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவில்லை, அது மஞ்சளாகிக் காகிதத்தை அரித்துவிடும். மெல்லிய காகிதத்தை மைதாப் பசையால் பின்பக்கம் ஒட்டினேன். பூச்சி வருமோ என்று இப்போது கவலையாக இருக்கிறது. உன் எழுத்தைத் தின்று அதற்கு என்ன ஆகுமோ!

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் வா, நான்கு நாளாவது இரு. வரும்போது ஒன்று கொண்டு வா. விடுதியில் கடைசி வருஷம் என்னிடமிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாயே, அடியில் "ம. கோமதி" என்று வெட்டியிருக்கும், அதை. இல்லை என்று சொல்லாதே. உன் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது உன் அடுக்களையில் பார்த்தேன், அதில் உன் மாமியார் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

அன்புடன்,
கோமதி

பி.கு. டம்ளரைத் திருப்பித் தரவேண்டியதில்லை. பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.