ஸ்டாக் வைக்காமல் டி-ஷர்ட் விற்கும் ரீசெல்லர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ரீசெல்லர் நண்பர்களுக்கு,

வணக்கம். ஆர்டர் வந்த பிறகு திருப்பூரிலிருந்து நாங்களே உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் பார்சல் அனுப்பும் ட்ராப்ஷிப்பிங் முறையைப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். செய்து தருகிறோம். தொடங்கும் முன் கீழே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஒரு டி-ஷர்ட்டை 399 ரூபாய்க்கு, கூரியர் இலவசம், சி.ஓ.டி. (பார்சல் கைக்கு வரும்போது பணம்) என்று விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பீஸ் விலை 210, கூரியர் 65, கவர் 5, சி.ஓ.டி. கட்டணம் 35, விளம்பரம் ஆர்டருக்கு 40. மிச்சம் 44 ரூபாய். வாடிக்கையாளர் வாங்க மறுத்தால் போகிற கூலி 65, வருகிற கூலி 60, கவர், விளம்பரம் எல்லாம் சேர்த்து 170 ரூபாய் நஷ்டம். திரும்பிய பீஸை நாங்கள் எடுத்துக்கொள்வதாக வைத்தே இந்தக் கணக்கு. உங்கள் பக்கத்து ஜி.எஸ்.டி.யும் இதில் இல்லை. 100 ஆர்டரில் 20 திரும்பினால் கையில் நிற்பது வெறும் 120 ரூபாய். 21 திரும்பினால் கைக்காசு போகும்.

அதனால் அந்த 399-இல் கூரியருக்கு 70 ரூபாயை மட்டும் முன்கூட்டியே யு.பி.ஐ.யில் வாங்கிவிடுங்கள், மீதியை சி.ஓ.டி.யில் வாங்கலாம். அதே 20 திரும்பினாலும் அந்த 70 உங்களிடமே நிற்பதால் மிச்சம் 1,520 ஆகிவிடும். பணம் கட்டியவர் பார்சலை மறுப்பதும் குறைவு. அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் முகவரி, பின்கோடு, சைஸ் மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு பீஸாக விற்கப் பாருங்கள். ஒரு டி-ஷர்ட் 220 கிராம்; இரண்டு சேர்ந்தாலும் கூரியரின் 500 கிராம் கட்டணத்துக்குள் அடங்கும். இரண்டாவது பீஸுக்குக் கூலியே இல்லை. ஆனால் அட்டைப்பெட்டி கேட்காதீர்கள். பெட்டி அடைக்கும் இடத்தையும் கூரியர்காரர் எடையாகக் கணக்கிடுவார்: 30×25×10 செ.மீ. அளவைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 1.5 கிலோ. உள்ளே இருப்பது அரை கிலோதான் என்றாலும், கூரியர்காரர் ஒன்றரை கிலோவுக்கே பில் போடுவார்.

இந்த முறையின் உண்மையான பலம், எது ஓடும் என்று முதல் முடக்காமல் தெரிந்துகொள்வதுதான். பத்து டிசைன் போட்டுப் பார்க்கலாம், எட்டு விழுந்தாலும் துணி உங்கள் வீட்டில் தேங்காது. பலவீனம், பொருளை நீங்கள் கண்ணால் பார்ப்பதில்லை என்பது. சாயம் ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதி) சற்று மாறும்; போன மாத லாட்டில் எடுத்த படத்தை வைத்து இந்த மாதம் விற்றால் "கலர் வேற" என்று திரும்பும். சைஸ் தகராறு அதைவிட அதிகம். எம், எல் என்று மட்டும் எழுதாமல் மார்புச் சுற்றளவு, உயரம் இரண்டையும் இன்ச்சில் போடுங்கள். அது உடம்பு அளவு அல்ல, துணி அளவு என்றும் குறிப்பிடுங்கள். ஒரே பீஸைப் பல ரீசெல்லர்கள் விற்பதால், ஒரு சைஸ் எங்கள் இருப்பில் 5 பீஸுக்குக் கீழே இறங்கினால் உங்கள் பக்கத்தில் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு டி-ஷர்ட் விற்றாலும் பதிவு கட்டாயம். பதிவு பெற்றவருக்கு நாங்கள் உங்கள் பெயரில் பில் போட்டு, வாடிக்கையாளர் முகவரிக்குச் சரக்கு அனுப்புவோம். வாடிக்கையாளருக்கான பில்லை நீங்கள்தான் தர வேண்டும். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பொறுப்பு விற்றவரான உங்களுடையது. எங்கள் தவறாக இருந்தால் கவரைப் பிரிக்கும் வீடியோவை 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள், மாற்றித் தருவோம்.

ஒரு டிசைன் மாதம் 30 பீஸ் தாண்டினால் அதை ட்ராப்ஷிப்பிங்கில் வைத்திருக்காதீர்கள். எஸ், எம், எல், எக்ஸ்.எல். 1:2:2:1 விகிதத்தில் செட்டாக எடுத்தால் பீஸ் 170 ரூபாய். ஒவ்வொன்றிலும் 40 ரூபாய் உங்களுக்கு மிஞ்சும், தரத்தையும் நீங்களே பார்த்து அனுப்பலாம்.

மதியம் 1 மணிக்குள் வரும் ஆர்டர் அன்றே கிளம்பும். ஞாயிறு பார்சல் இல்லை.

இப்படிக்கு,
மொத்த விற்பனைப் பிரிவு, திருப்பூர்