மூளைக்காய்ச்சலில் பிழைத்த குழந்தைகள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்?

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். கொசு கடித்துப் பரவி மூளையைத் தாக்கும் வைரஸ் நோயான ஜப்பானிய மூளைக்காய்ச்சலால் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் டெல்லிக்குப் போகிறது. பிழைத்தவர்கள் எந்த ஊரில், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது? நான் கேட்ட இடங்களில் எல்லாம் இன்னொரு அலுவலகத்துக்குத்தான் கைகாட்டினார்கள். அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

தடுப்பூசியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பக்கத்தில். 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பிறகுதான் 2006-ல் பெரிய அளவில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஐம்பது வருஷம் தாமதம்தான், இருந்தாலும் வந்ததே நல்லது. வெயிலில் ஊர் ஊராகப் போய் ஊசி போடும் கிராம சுகாதார செவிலியர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். அவர்கள் வேலையில் குறையில்லை.

ஊசி போடாத குழந்தைக்கோ, போட்டும் பலிக்காத குழந்தைக்கோ நோய் வந்துவிட்டால் அப்புறம் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. காய்ச்சலைக் குறைத்து, வலிப்பை அடக்கி, மூச்சைக் காப்பாற்றி வைத்திருப்பதுதான் வைத்தியம். பிழைப்பவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது. மூளையின் ஆழத்தில் அசைவைச் சீர்படுத்தும் பகுதிகளை வைரஸ் தாக்குவதால், பார்க்கின்சன் வந்த தாத்தாவைப் போல ஆகிவிடுகிறான் ஏழு வயதுப் பையன். முகத்தில் சலனமே இருக்காது. எச்சில் ஒழுகும். கை உள்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். நேற்றுவரை பள்ளிக்கூடம் போனவன், அம்மா என்ற சொல்லுக்குத் திணறுவான். சில குழந்தைகளுக்கு நடை திரும்பியிருக்கும், ஆனால் சுபாவம் மாறியிருக்கும். கண்டதையும் தூக்கி எறியும், ராத்திரி தூங்காது. அதை வீட்டிலும் பள்ளியிலும் ‘சேட்டை’ என்று அடித்துக்கொண்டிருப்பார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று எழுதியிருக்கும். எங்கே, யாரிடம், எத்தனை மாதம் என்பது எதிலும் இருக்காது. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிற தாய், இரண்டு பஸ் மாறி, வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை வருவாள்? நாலைந்து தடவை வருவாள், அப்புறம் நின்றுவிடுவாள். நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது குழந்தையின் கெண்டைக்கால் தசை சுருங்கி, குதிகால் தரையில் படாமல் நிற்கும். டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்திலிருந்து தினமும் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருந்தால், ராத்திரி பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் ஒரு ஸ்பிளின்ட் கட்டியிருந்தால், பெரும்பாலும் இந்த நிலைக்கு வந்திருக்காது. இப்போது அறுவை சிகிச்சைக்கு எழுதவேண்டியிருக்கிறது. வலிப்பு மருந்தும் இப்படித்தான். பாட்டில் தீர்ந்ததும் ‘வலிப்புதான் வரலையே’ என்று நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இந்தப் பெற்றோர் ஏன் ஒன்றுசேர்ந்து வந்து உங்களிடம் கேட்பதில்லை? நோயின் இயல்பே அப்படி. நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு, மடையான்களிடமிருந்தும் வைரஸை எடுத்து மனிதருக்குக் கொண்டுவருகிறது. (டயரையும் கொட்டாங்குச்சியையும் கவிழ்க்கச் சொல்லும் போஸ்டர் டெங்கு கொசுவுக்கானது. இந்தக் கொசுவுக்கு அது பெரிதாக உதவாது.) ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. வைரஸ் தொற்றும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது. ஆக, இந்த ஊரில் ஒரு பிள்ளை, பத்து மைல் தள்ளி இன்னொரு பிள்ளை. ஒருவரையொருவர் தெரியாது. ‘யார் கண்ணு பட்டதோ’ என்று அவரவர் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள். இவர்களைச் சேர்த்துப் பார்க்கும் வசதி உங்கள் துறைக்கு மட்டும்தான் உண்டு. தண்டுவட நீரைச் சோதித்து நோயை உறுதிசெய்யும் அன்றே பெயரும் முகவரியும் உங்கள் கண்காணிப்புப் படிவத்தில் ஏறிவிடுகிறதே.

புதிதாக ஒரு திட்டம் கேட்கவில்லை. 2012-ல் மத்திய அரசு ஐந்து மாநிலங்களில் 60 மாவட்டங்களுக்கென்று அறிவித்த மூளைக்காய்ச்சல் தடுப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் உண்டு. மறுவாழ்வுச் சிகிச்சையும் அதன் ஒரு பகுதி. 2021-ல் நம் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே போகிறார்கள். நானும் பார்க்கிறேன், பக்கவாதம் வந்த பெரியவர் வீட்டு வாசலில் அவர்கள் வண்டி நிற்கிறது. அதே தெருவில் மூளைக்காய்ச்சலில் பிழைத்த குழந்தை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. படிவத்தில் இருக்கும் அந்தப் பெயரை அவர்களிடம் கொடுக்க ஓர் உத்தரவு போதும்.

குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த வட்டார மருத்துவ அலுவலருக்குத் தகவல் போகட்டும். ஒரு வாரத்துக்குள் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். அதன்பின் ஒரு வருஷமாவது விடாமல் தொடரட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்று தெரியாமல் பெற்றோர் அலைகிறார்கள். அதற்கும் அந்த முதல் சந்திப்பிலேயே வழிகாட்டலாம். பழைய படிவங்களை எடுத்து, கடந்த ஐந்து வருஷத்தில் பிழைத்தவர்களையும் ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சம்பா நடவு முடிந்து வடகிழக்கு மழை பிடிக்கும்போது வார்டுகளில் மறுபடி குழந்தைகள் வந்து சேர்வார்கள். உத்தரவு அதற்கு முன்னால் வரவேண்டும். கடலூர் மாவட்டத்தில் இதைச் செய்து பார்க்க நினைத்தால், வீடு வீடாகப் போக நானும் என்னோடு வேலை செய்யும் நண்பர்களும் தயார்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
கடலூர் மாவட்டம்