தேத்தண்ணிக்குச் சேரும் சொல்

ஹட்டன்

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பண்டாரவளைப் பக்கம் நல்ல வெயில் என்று எழுதியிருந்தாய்; இங்கோ தென்மேற்குப் பருவமழை பிடித்துப் பத்து நாளாகிறது, கொடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை.

இலக்கணப் பிழையே இல்லாத ஆங்கில வாக்கியமும் சில வேளைகளில் காதுக்கு ஒவ்வாமல் இருப்பது ஏன் என்று கேட்டிருந்தாய். நான் முதன்முதலாக ஆங்கிலத்தில் எழுதிய லீவுக் கடிதம் நினைவுக்கு வந்தது. கனமழைக்கு 'ஹெவி ரெய்ன்' என்றால் கடுங்காய்ச்சலுக்கும் அதுவே போதும் என்று எண்ணி, அம்மாவுக்கு 'ஹெவி ஃபீவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் 'ஹை' என்று திருத்திவிட்டுத்தான் லீவைத் தந்தார். இத்தனைக்கும் தடிமனுக்கு 'ஹெவி கோல்ட்' என்று தாராளமாகச் சொல்லலாம். தலையிடி என்றால் 'பேட் ஹெடேக்'. நியாயம் கேட்டுப் பயனில்லை, அந்தச் சொற்கள் அப்படிக் கூடிப் பழகிவிட்டன.

லாகூரில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு லண்டன் திரும்பிய ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர், ஒரு சொல்லை அதன் சகவாசத்தைக் கொண்டே அறியலாம் என்று 1957இல் எழுதினார். அவருடைய மாணவர் ஹாலிடே 1966இல் காட்டிய உதாரணம் நம் வீட்டுச் சாமான்: ஆங்கிலேயர் 'ஸ்ட்ரோங் டீ' என்பார்கள், 'பவர்ஃபுல் டீ' என்னமாட்டார்கள், காருக்கோ 'பவர்ஃபுல்' தான் பொருந்தும். நாமும் சாயம் கூடின தேத்தண்ணி என்கிறோமே தவிர, பலமான தேத்தண்ணி என்று தேயிலைத் தோட்டத்தின் எந்த லய வீட்டிலாவது யாராவது கேட்டதுண்டா?

நாம் ஆங்கிலம் கற்பிக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய கண்ணி 'போடு' என்ற வினைதான். சத்தம் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், லைட்டையும் போடுகிறோம். ஆங்கிலத்தில் சத்தத்துக்கு 'மேக் எ நொய்ஸ்', கையெழுத்துக்கு 'சைன்' என்ற ஒரே சொல், சண்டைக்கு 'ஹேவ் எ ஃபைட்', லைட்டுக்கு 'டேர்ன் ஒன்'. இது தெரியாத பிள்ளை எல்லாவற்றுக்கும் 'புட்' என்று எழுதுகிறது. 'பொய் சொல்' என்பதை 'சே எ லை' என்றும் (அது 'டெல் எ லை'), கனவு காண்பதை 'சீ எ ட்ரீம்' என்றும் (அது 'ஹேவ் எ ட்ரீம்') எழுதுவதும் இதே கதைதான். 'டூ எ மிஸ்டேக்' என்பதைத் திருத்தித் திருத்தி என் பேனாவே தேய்ந்துவிட்டது. பிழைக்கு 'மேக்', வீட்டு வேலைக்கு 'டூ ஹோம்வேர்க்'.

ஆகவே இந்தத் தவணையில் தனிச்சொல் பட்டியலை நிறுத்திவிட்டேன். 'டிசிஷன்' என்ற சொல்லை அர்த்தத்தோடு மட்டும் கொடுத்தால் பிள்ளைக்கு அது கைகால் இல்லாத பொம்மை. 'ஷீ மேட் எ குயிக் டிசிஷன்' என்று முழு வாக்கியமாகக் கொப்பியில் ஏறினால், வினையும் அடைமொழியும் கூடவே வந்துவிடுகின்றன. வேகம் குறைவுதான், பாடத்திட்டத்தில் பின்தங்கியிருக்கிறேன். அதற்காக ஏச்சும் வாங்கியாயிற்று.

ஒன்றில் மட்டும் தோட்டத்துப் பிள்ளைகளை யாரும் வெல்ல முடியாது. பழத்துக்கும் பூவுக்கும் 'பிக்' என்ற வினை வழக்கமாக வரும். தேயிலைக் கொழுந்துக்கோ 'பிளக்'. ஏழாம் தரத்துப் பிள்ளையொருத்தி, நான் சொல்லிக்கொடுக்காமலேயே, 'மை மதர் பிளக்ஸ் டீ இன் ஹெவி ரெய்ன்' என்று எழுதியிருந்தாள். இரண்டு இணைகளும் அச்சொட்டாக இருந்தன. அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே மலையில், தலையில் கொங்காணி போட்ட பெண்கள் மழையோடு மழையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் அவள் தாய் என்று நான் கேட்கவில்லை.

உன் வகுப்புப் பிள்ளைகள் 'போடு' என்பதற்கு என்னென்ன எழுதுகிறார்கள் என்று குறித்து அனுப்பு. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்